கூட்டு விற்பனைத் தாளில் கையெழுத்திடும் முன்: பழைய கான்கிரீட் கோபுர வீட்டுக்காரருக்கு நான்கு வழிகள்

சிங்கப்பூரில் 1970களில் எழுந்த கான்கிரீட் அடுக்குமாடிகளில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும். கட்டடம் முழுவதையும் சேர்த்து விற்றுவிடலாமா என்று கேட்கும் கடிதம். எங்கள் கட்டடத்துக்கு இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. வந்த மறுநாளே மின்தூக்கியில் பேச்சு மாறிவிடும். உடல்நலம் விசாரிப்பவர்கள்கூட "ஒரு வீட்டுக்கு எவ்வளவு வருமாம்?" என்றுதான் தொடங்குவார்கள்.

எட்டு ஆண்டுகளாக எங்கள் நிர்வாக மன்றத்தில் இருக்கிறேன். கையெழுத்திடலாமா, இருந்துவிடலாமா, தனியாக விற்றுக் கிளம்பலாமா என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் அடுக்குமாடிகளில் தனித்தனி உரிமைப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கே இது பொருந்தும். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு விதிகள் முற்றிலும் வேறு.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1967இல் தொடங்கிய அரசு நில விற்பனைத் திட்டத்தின்கீழ், நகரின் நடுவே இருந்த நிலங்கள் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விடப்பட்டன. அவற்றில்தான் அந்தக் காலத்தின் துணிச்சலான கோபுரங்கள் எழுந்தன. 1973இல் முடிந்த பீப்பிள்ஸ் பார்க் காம்பிளெக்ஸ், 31 மாடி. அதே ஆண்டு கடற்கரைச் சாலையில் படிப்படியாகச் சரிந்து நின்ற கோல்டன் மைல் காம்பிளெக்ஸ், 16 மாடி. 1976இல் பேர்ல்ஸ் ஹில் குன்றின்மேல் குதிரை லாட வடிவில் நின்ற பேர்ல் பேங்க், 38 மாடி. கட்டடக் கலைஞர் டான் செங் சியோங் வடிவமைத்த பேர்ல் பேங்க், முடிந்தபோது நாட்டிலேயே உயரமான குடியிருப்பு. வெப்பமண்டல வெயிலையும் மழையையும் வைத்துக்கொண்டு வானில் எப்படி வாழ்வது என்று அன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அந்தக் கட்டடக் கலைஞர்கள் கட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

குத்தகைகள் எல்லாம் ஒரே காலத்தில் தொடங்கியதால், எல்லாம் ஒரே காலத்தில் முடியப் போகின்றன. 1970இல் தொடங்கியது 2069இல் அரசுக்குத் திரும்பும். இன்று நாம் எடுக்கும் முடிவு எதுவானாலும் அந்த ஆண்டு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

விலை கடைசியில் வரட்டும். முதலில் ஐந்தைப் பாருங்கள்.

மிச்சமுள்ள குத்தகை. நிலத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு சமமாகக் கரைவதில்லை. பாலா அட்டவணை என்று சொத்து வட்டாரத்தில் அழைக்கப்படும் அரசின் குத்தகைக் கணக்கின்படி, 60 ஆண்டு மிச்சமிருக்கும் நிலம் நிரந்தர உரிமை நிலத்தின் மதிப்பில் 80 விழுக்காடு. 30 ஆண்டு மிச்சமென்றால் 60 விழுக்காடு. அதற்குக் கீழே சரிவு வேகம் பிடிக்கும்.

கான்கிரீட்டின் உடல்நிலை. வெளியே புதுச் சாயம் அடித்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் வயது. 71 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறார். "இந்தக் குத்தகை என்னைவிட நீண்ட ஆயுள் கொண்டது" என்பார். அவருக்கு மிச்சமுள்ள 43 ஆண்டு போதும், மிஞ்சும். நாற்பது வயதில் வாங்கியவருக்கு அதே 43 ஆண்டு கழுத்தில் தொங்கும் கடிகாரம்.

விற்றபின் எங்கே போவீர்கள். வரும் பணத்தைக் கணக்கிடும் பலர், அடுத்த வீட்டின் விலையைக் கணக்கிடுவதில்லை.

கட்டடத்துக்கு வெளியே உள்ள மதிப்பு. நகர வரலாற்றில் உங்கள் கட்டடத்துக்கு இடம் உண்டா? இதைக் கேட்பது உணர்ச்சிக்காக மட்டுமன்று. இடிக்கக் கூடாது என்று அரசு வழங்கும் பாதுகாப்புத் தகுதி கிடைக்கக்கூடிய கட்டடத்துக்குப் பேரத்தில் வேறு வழிகள் திறக்கும், சில வழிகள் மூடும்.

## முதலில் சுத்தியலால் தட்டுங்கள்

எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு மூலை லேசாக உப்பியிருந்தது. ஈரக் கசிவு என்று நினைத்து இரண்டு முறை சாயம் அடித்துவிட்டேன். பிறகு பழுதுபார்க்க வந்த மேஸ்திரி, அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், ஏணியில் ஏறிச் சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கனமாக ஒலித்தது திடீரென்று தப், தப் என்று மாறியது. "இது பொக்கு, அண்ணே" என்றார். உப்பல் ஒரு கையளவுதான் இருந்தது. பொக்கு ஒலி கேட்ட பரப்பைச் சாக்கட்டியால் வட்டமிட்டபோது அது ஒரு மேசை அளவுக்கு வந்தது.

உடைத்துப் பார்த்தோம். கம்பிக்கு மேலிருந்த கான்கிரீட் மூடல் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. கம்பி, ஏடு ஏடாகப் பிரியும் பழுப்பு மரப்பட்டை போல இருந்தது. உடைத்த முகத்தில் அவர், காரத்தன்மை இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தார். உள்ளே ஆழத்தில் இருந்த கான்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறியது. கம்பியைச் சுற்றியிருந்த பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நின்றது.

அந்தச் சாம்பல் நிறத்துக்குள்தான் பழைய கட்டடங்களின் கதை இருக்கிறது. புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் கம்பியின்மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தைக் காக்கிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டாண்டாக உள்ளே நுழைந்து காரத்தைக் குறைக்கிறது. அது கம்பி வரை எட்டியதும் படலம் போய்விடும். பிறகு ஈரம் பட்டால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளுகிறது. மாலை மழையும் மறுநாள் வெயிலுமாக நனைந்து காயும் நம் ஊரில், குளியலறையும் சமையலறையும் வெளி முகப்பும் முதலில் அடிபடும்.

இது கட்டடத்தின் மரண அறிவிப்பு அன்று. பொக்கான பகுதியை உடைத்தெடுத்து, கம்பியைத் துலக்கி, துருத்தடுப்பு பூசி, தேவைப்பட்டால் கூடுதல் கம்பி சேர்த்து, பழுதுக்கென்றே உள்ள கலவையால் மூடினால் பல ஆண்டு தாங்கும். தள்ளிப்போட்டால் மட்டுமே கம்பி மெலிந்து விஷயம் பெரிதாகும்.

அதனால்தான் எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பரிசோதனையை முதலில் வைக்கிறேன். குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்பு ஆய்வு கட்டாயம். 20 ஆண்டு கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்கு 2022 முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை முகப்பு ஆய்வும் கட்டாயம். அந்த அறிக்கைகள் நிர்வாக அலுவலகத்தில் இருக்கும். எங்கள் கட்டடத்தில் அவற்றைக் கேட்டுப் படித்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

## வழி 1: இருந்து, பழுது பார்த்து வாழ்வது

இதன் பெரிய பலம் இடம். எழுபதுகளின் வீடுகள் தாராளமானவை. பேர்ல் பேங்க் இருந்த நிலத்தில் ஏறக்குறைய 280 வீடுகள் இருந்தன. அதே நிலத்தில் இன்று நிற்கும் ஒன் பேர்ல் பேங்கில் 774 வீடுகள். மாடிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, பழைய வீட்டைக் கொடுத்துவிட்டுப் புதிய வீட்டில் என்ன அளவு கிடைக்கும் என்பது விளங்கும். காற்றோட்டமும் அப்படித்தான். குளிர்சாதனம் எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில் வரைந்த வீடுகள் இவை. இரண்டு பக்கமும் சன்னலைத் திறந்தால் என் கூடத்தில் நாட்காட்டித் தாள் படபடக்கும்.

செலவுகள்? மாதப் பராமரிப்புக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதவை வேறு. வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய்கள் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் உளுத்துப்போகும். மின்தூக்கி மாற்றம், மின் இணைப்புத் தண்டுகள், மொட்டைமாடி நீர்த்தடுப்பு, முகப்புப் பழுது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவற்றுக்கான ஒதுக்கு நிதி போதாதபோது எல்லா வீட்டுக்காரர்களிடமும் சிறப்புத் தொகை வசூலிப்பார்கள். ஓய்வூதியம்போல மாதப் பணத்தில் வாழ்பவர்களை அந்த ஒரு கடிதம் உலுக்கிவிடும்.

இன்னொரு மறைந்த செலவு, பின்னால் வாங்க வருபவர்களின் எண்ணிக்கை சுருங்குவது. 2019 மே முதல், வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை நீடித்தால்தான், சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கும் மத்திய சேமநிதியை முழு வரம்புக்குப் பயன்படுத்த முடியும். 43 ஆண்டு மிச்சமுள்ள வீடு என்றால் 52 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்த வரம்பு குறையும். 20 ஆண்டுக்குக் கீழே போனால் சேமநிதியையே தொட முடியாது. வங்கிகளும் கை இறுக்கும். அதாவது நீங்கள் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும், பிறகு விற்கும் வாசல் கொஞ்சம் குறுகுகிறது.

குத்தகையை நீட்டிக்கக் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஆனால் அரசு அதை ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்க்கிறது. நிலத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்தும் திட்டம் இருந்தால்தான் இசைவது வழக்கம். இருப்பது இருந்தபடியே இருக்க நீட்டித்துக் கொடு என்று கேட்டால் கிடைக்கும் என்று நம்பி வீடு வாங்காதீர்கள்.

ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், கடன் அடைந்தவர், வீட்டைப் பிள்ளைகளுக்கு விடும் சொத்தாகப் பார்க்காதவர், ஆய்வு அறிக்கை நன்றாக வந்த கட்டடத்தில் இருப்பவர்: இவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

## வழி 2: கூட்டு விற்பனை, கட்டடம் இடிபடுவது

1999க்கு முன்பு எல்லா வீட்டுக்காரர்களும் ஒப்பினால்தான் விற்க முடியும். அதன்பின் வந்த சட்டத்திருத்தத்தால், பத்து ஆண்டு நிறைந்த கட்டடத்துக்கு 80 விழுக்காடு போதும். பங்கு மதிப்பிலும் (கட்டடத்தின் பொதுச் சொத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவான பங்கு) பரப்பளவிலும் இந்த அளவு வேண்டும். முதல் கையெழுத்திலிருந்து 12 மாதத்துக்குள் இதை எட்ட வேண்டும். மறுப்பவர்கள், அடுக்குமாடி உரிமைத் தகராறுகளைக் கவனிக்கும் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்திடமும், அடுத்து உயர் நீதிமன்றத்திலும் முறையிடலாம்.

பேர்ல் பேங்கின் கதையை இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 2007, 2008, 2011 என்று மூன்று முறை கூட்டு விற்பனைக்கு முயன்று முடியவில்லை. கடைசியில் 2018 பிப்ரவரியில் கேப்பிட்டாலேண்ட் நிறுவனம் 728 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. 2020க்குள் அந்த லாட வடிவம் வானத்திலிருந்து மறைந்தது. சராசரி பார்த்தால் வீட்டுக்கு 2.5 மில்லியன் வெள்ளிக்குச் சற்று மேலே வரும். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. குத்தகை கரைந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டைத் தனியாக விற்றால் அந்தத் தொகை கிடைப்பது அரிது. இந்த வழிக்கு உள்ள உண்மையான பலம் அதுதான்: நீங்கள் உங்கள் வீட்டை விற்கவில்லை, அதன் அடியில் உள்ள நிலத்தில் எதிர்காலத்தில் எழக்கூடிய கட்டடத்தை விற்கிறீர்கள்.

ஆனால் 2007க்கும் 2018க்கும் இடையே பதினோரு ஆண்டுகள். விற்கப் போகிறோம் என்ற நினைப்பில் இருக்கும் கட்டடத்தில் யார் மின்தூக்கியை மாற்றுவார்கள்? யார் குழாய்க்குப் பணம் ஒதுக்குவார்கள்? எங்கள் கட்டடத்தில் முதல் முயற்சியின்போது ஒத்திவைத்த முகப்புப் பழுதை ஐந்து ஆண்டு கழித்துச் செய்தோம். அதற்குள் பொக்கு விழுந்த பரப்பு பெருகி, செலவு முதல் மதிப்பீட்டைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. கூட்டங்களில் "எப்படியும் இடிக்கப் போகிறார்கள், எதற்குச் செலவு" என்று நானும் கை தூக்கியவன்தான். அந்த வாக்குக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

கையில் வரும் தொகையிலும் கழிவுகள் உண்டு. வீட்டுக்குச் செலுத்திய சேமநிதிப் பணம், வட்டியோடு சேர்த்து உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திரும்பும். அது உங்கள் பணம்தான், ஆனால் காசோலையில் வராது. வழக்கறிஞர், விற்பனை முகவர் கட்டணங்கள் பொதுத் தொகையிலிருந்து போகும். அண்மையில் வாங்கியவர் என்றால், கூட்டு விற்பனையாக இருந்தாலும் விற்போர் முத்திரைத் தீர்வை விழும்.

அடுத்த வீடு? 2022 செப்டம்பர் 30 முதல், தனியார் வீட்டை விற்றவர் மானியமின்றி வீவக மறுவிற்பனை வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 55 வயதானவர்கள் நாலறை அல்லது அதைவிடச் சிறிய வீடு வாங்கினால் விலக்கு. அந்த 15 மாத வாடகையை யாரும் விற்பனைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுவதில்லை. விதிகள் மாறக்கூடியவை, கையெழுத்துக்கு முன் கழகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டமைப்பு உண்மையிலேயே கெட்டுவிட்ட கட்டடம், வரலாற்று மதிப்பு குறைந்த வடிவமைப்பு, நிலத்தின்மேல் இன்னும் உயரமாகக் கட்ட அனுமதி கிடைக்கும் இடம், கடன் சுமையோடு உள்ள நடுத்தர வயது உரிமையாளர்கள். இவை சேர்ந்தால் கூட்டு விற்பனைக்குக் கையெழுத்திடுவதில் தவறே இல்லை.

## வழி 3: பாதுகாப்புத் தகுதியோடு விற்பது

கோல்டன் மைல் காம்பிளெக்ஸ் இந்த வழியில் போனது. ஒருகாலத்தில் நாடாளுமன்றத்திலேயே அதைச் 'செங்குத்துச் சேரி' என்று திட்டினார்கள். 2006இல் நடந்தது அது. வீட்டுக்காரர்கள் மாடங்களைத் தகரம், பலகை, கண்ணாடி என்று கையில் கிடைத்ததால் அடைத்துக்கொண்டதில் முகப்பு கந்தலாகிப்போயிருந்தது உண்மை. ஆனால் உள்ளே இருந்த உடல் வேறு. சாய்ந்த படிக்கட்டுபோல் கடலைப் பார்க்கும் மாடங்கள், கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், அதற்கும் மேலே வீடுகள் என்று ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்ததுபோன்ற கட்டடம். பிற்காலத்தில் தாய்லாந்துக்காரர்களின் கடைகளாலும் பேருந்து நிறுவனங்களாலும் அது அவர்களுடைய ஊராகவே மாறியிருந்தது.

2018இல் 800 மில்லியன் வெள்ளிக்கு ஏலம் விட்டபோது யாரும் எடுக்கவில்லை. 2021 அக்டோபரில், அரசின் நகரத் திட்ட அமைப்பான நகர மறுசீரமைப்பு ஆணையம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. வாங்குபவர் தயங்கக்கூடாது என்பதற்காகக் இருக்கும் தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பரப்பு, பக்கத்தில் புதிய கோபுரம் கட்ட இசைவு, குத்தகையை 99 ஆண்டுக்குப் புதுப்பிக்கும் வாய்ப்பு எனச் சலுகைகள் கொடுத்தது. 2022 மே மாதம் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 700 மில்லியனுக்கு வாங்கின.

எண்களைப் பாருங்கள். கேட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் 100 மில்லியன். பாதுகாப்பு விலையைக் குறைத்தது என்று சிலர் சொல்வார்கள். 800க்கு வாங்க ஆளே வராதபோது அந்த 800 ஒரு விலையே இல்லை என்பது என் எண்ணம்.

இதில் மறைந்த செலவு பணம் சார்ந்ததன்று. கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவர்கள் கலைந்தார்கள். 2023 மே மாதம் அது மூடப்பட்டபோது, பல்லாண்டாக அங்கே கடை போட்டிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். சிலர் பக்கத்துக் கோல்டன் மைல் டவருக்கு மாறினார்கள். புதுப்பித்தபின் பழைய வீட்டுக்காரர் திரும்பி வந்து குடியேறும் ஏற்பாடு அன்று இது. 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் வாழ்க்கை அப்படியே தொடரும் என்று நம்பி வாக்களிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கான்கிரீட்டைக் காப்பதும் அதில் வாழ்ந்த அக்கம்பக்கத்தைக் காப்பதும் இரண்டு வேலைகள். இந்த வழி முதலாவதை மட்டும் செய்கிறது.

வாழ்க்கையையும் சேர்த்துக் காக்கும் பாதுகாப்பு முடியுமா? பேர்ல் பேங்க் வீட்டுக்காரர்கள் அதைத்தான் முயன்றார்கள். 2012இல் தாங்களே முன்வந்து பாதுகாப்புத் தகுதி கேட்டார்கள். பக்கத்தில் ஒரு புதிய குடியிருப்புக் கட்டடத்தைச் சேர்த்து, அதன் வருவாயில் பழையதைப் புதுப்பிக்கலாம் என்று, அதை வரைந்த டான் செங் சியோங்கே திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனால் அதற்கு உரிமையாளர்களில் நூற்றுக்கு நூறு பேர் ஒப்ப வேண்டியிருந்தது. பெரும்பாலோர் ஒப்பினார்கள், எல்லாரும் ஒப்பவில்லை. இடிப்பதற்கு 80 விழுக்காடு போதும், காப்பதற்கு 100 வேண்டும் என்ற நிலையில் ஒரு கட்டடம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றும் அந்தக் குன்றின் பக்கம் போகும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் கட்டடத்துக்கு நகர வரலாற்றில் இடம் இருக்கும் என்று தோன்றினால், விற்பனைக் குழு அமைவதற்கு முன்பே ஆணையத்திடம் பேசுங்கள். ஏலம் தோற்றபின் பேசுவதற்கும் முன்னால் பேசுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

## வழி 4: தனியாக விற்றுக் கிளம்புவது

சொல்ல அதிகமில்லை. விரைவானது, யாருடைய சம்மதமும் வேண்டாம். விலை குறையும். குத்தகை 30 ஆண்டை நெருங்குமுன் செய்துவிட வேண்டும். 15 மாத விதி இதற்கும் உண்டு. கூட்டு விற்பனைப் பேச்சு சூடாக இருக்கும் நாளில் விலை கொஞ்சம் ஏறும், முயற்சி தோற்ற மறுமாதம் இறங்கும். சிறப்புத் தொகை வசூல் வரப்போகிறது என்று தெரிந்தால் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள், கூட்டக் குறிப்புகளில் அது எப்படியும் இருக்கும்.

வேலை மாற்றம், நோய், பிள்ளைகள் அருகே போவது என்று காரணம் உங்கள் வாழ்க்கையில் இருந்தால் இதுவே சரி. கட்டடத்தின் முடிவுக்காக உங்கள் முடிவு காத்திருக்க வேண்டியதில்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இருந்து வாழ்வது | இடிக்க விற்பது | பாதுகாத்து விற்பது | தனியாக விற்பது |
|---|---|---|---|---|
| யார் சம்மதம் | யாருமில்லை, ஆனால் பெரும் பழுதுக்குப் பொதுக்கூட்டம் | 80 விழுக்காடு | 80 விழுக்காடும் ஆணையத்தின் அறிவிப்பும் | நீங்கள் மட்டும் |
| எடுக்கும் காலம் | தொடரும் | பல ஆண்டுகள், முயற்சி தோற்கவும் கூடும் | அதைவிடவும் நீளலாம் | சில மாதங்கள் |
| மறைந்த செலவு | சிறப்புத் தொகை, வாங்குவோர் குறைவது | ஒத்திவைத்த பழுது, இடைக்கால வாடகை | கலைந்துபோகும் அக்கம்பக்கம் | விட்டுக்கொடுத்த விலை |
| வீட்டின் அளவு | இதே தாராளம் | பெரும்பாலும் சிறுக்கும் | பெரும்பாலும் சிறுக்கும் | கையிருப்பைப் பொறுத்தது |
| கட்டடம் | நிற்கும், கவனித்தால் | போய்விடும் | நிற்கும் | உங்கள் கையில் இல்லை |

## நான் என்ன செய்தேன்

மூன்றாவது கடிதம் வந்தபோது எனக்கு 58. நான் கையெழுத்திடவில்லை. ஆய்வு அறிக்கை எங்கள் தூண்களும் உத்தரங்களும் நன்றாக இருப்பதாகச் சொன்னது. கெட்டவை பெரும்பாலும் ஈரம் படும் அறைகளின் கூரைகளும் முகப்பின் மழை முகமும். அவை பழுது பார்க்கக் கூடியவை. என் மனைவிக்கு இந்த வட்டாரச் சந்தையும் கோயிலும் நடக்கும் தூரத்தில் வேண்டும். எங்கள் குத்தகை எங்களுக்குப் போதும்.

எதிர்வீட்டில் இருக்கும் இளம் தம்பதி கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள், இன்னும் இருபது ஆண்டு கடன். அவர்கள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன். அந்த ஒரு வருடம் அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சு கொஞ்சம் குறைந்தது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு வழக்கம்போல் போனது, சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வழக்கம்போல் வந்தது. கையெழுத்துகள் 80ஐ எட்டவில்லை.

மறுமாதப் பொதுக்கூட்டத்தில் நானும் அந்த இளைஞரும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம்: அடுத்த கடிதம் எப்போது வந்தாலும், விற்பனை முயற்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஆய்வு அறிக்கை குறித்துக் கொடுத்த பழுதுகள் எதையும் ஒத்திவைக்கக் கூடாது. கையெழுத்திட்டவர்களும் இடாதவர்களும் அதற்குக் கை தூக்கினார்கள்.

உங்கள் கட்டடத்துக்குக் கடிதம் வந்திருந்தால் நிர்வாக அலுவலகத்தில் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: கடைசிக் கட்டமைப்பு ஆய்வு அறிக்கை, முகப்பு ஆய்வு அறிக்கை, ஒதுக்கு நிதியின் இருப்பு, கடைசி மூன்று ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகள். கூட்டு விற்பனை ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் முன்னிலையில்தான் கையெழுத்திட முடியும். குறைந்தபட்ச விலை என்ன, தொகையை வீடுகளுக்குள் எந்த முறையில் பிரிக்கிறார்கள் என்ற இரண்டையும் அவரிடம் அங்கேயே கேளுங்கள். பெரிய வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும் இடையே பங்கு பிரிப்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. கையெழுத்திட்டபின் மனம் மாறினால், ஐந்து நாளைக்குள் எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ளலாம்.